புன்சன்: நீலச் சுடரை நிற்க வைத்தவர்



முதலாமாண்டில் கெமிஸ்ட்ரி லேபுக்குள் நுழைந்ததும் நம்மை வரவேற்கும் கருவி எது? பிப்பெட்டா, பியூரெட்டா என்று பட்டிமன்றம் வேண்டாம். மேஜைக்கு மேஜை ரப்பர் குழாயோடு ஒரு உலோகக் குழல் நிற்குமே, அதுதான். கேஸைத் திறக்கிறோம், தீக்குச்சியைக் காட்டுகிறோம், அடியில் இருக்கும் காற்று ஓட்டையைத் திருப்புகிறோம். ஆடிக்கொண்டிருந்த மஞ்சள் தீ அடங்கி, கூர்மையான நீலக் கூம்பாக நிற்கிறது. உடனே நாம் சோதனைக் குழாயைப் பிடிக்கப் போய்விடுகிறோம். அந்தக் கூம்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குழாய்க்குள்ளே இருப்பதும் எரியக்கூடிய கலவைதான். அப்படியிருக்க, தீ ஏன் உள்ளே இறங்கவில்லை? மேலே வேகமாக வாயு போய்க்கொண்டே இருக்கிறதே, தீ ஏன் பறந்து போகவில்லை? வாயில் மட்டும் எப்படி ஒரே இடத்தில் நிற்கிறது? சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் 100 வருடத்துக்கு மேல் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் உட்கார வைத்த கேள்வி இது. அதற்கு வாசலைத் திறந்து வைத்தவர் ராபர்ட் வில்ஹெல்ம் புன்சன். அவர் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

புத்தகக் காப்பாளர் வீட்டுப் பிள்ளை

ஜெர்மனியில் கேட்டிங்கன் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே 1811-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான்கு ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் புன்சன். அப்பா அந்தப் பல்கலைக்கழகத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர், மொழிப் பேராசிரியரும் கூட. வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பையனுக்குப் பிடித்தது ஏட்டுக் கல்வியைவிடக் கைவேலை.

அதே ஊரில் ஸ்ட்ரோமேயர் என்ற பேராசிரியரிடம் வேதியியல் படித்தார். காட்மியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர் இவர். இருபது வயதை ஒட்டியே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார் புன்சன். பட்டம் வாங்கியவுடன் வேலை தேடி அலையவில்லை, ஊர் சுற்றக் கிளம்பினார். சுரங்கங்கள், உலோக ஆலைகள், ஆய்வுக்கூடங்கள் என்று ஜெர்மனி, பிரான்சு, ஆஸ்திரியா முழுக்கப் பார்த்துவிட்டு வந்தார். நாம் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று இரண்டு நாள் பஸ்ஸில் போய் வருகிறோமே, அவர் அதையே ஒன்றரை வருடத்துக்கும் மேலாகச் செய்தார்! பிற்காலத்தில் எந்தப் பிரச்சனையை எடுத்தாலும் ஆலையிலிருந்தே தொடங்கும் பழக்கம் அங்கே வந்ததுதான்.

ஒரு கண் போனது

1834-ல் பெர்தோல்டு என்ற மருத்துவரோடு சேர்ந்து, ஆர்சனிக் விஷத்துக்கு மாற்றாக நீரேற்றம் பெற்ற இரும்பு ஆக்சைடைக் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தார். 1836-ல் காசெல் நகரத் தொழிற்கல்விப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆமாம் நண்பர்களே, நம்மைப் போலத் தொழில் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் அவர் முதலில் வாத்தியாராகப் போனார்.

அங்கே ஆரம்பித்ததுதான் ககோடில் என்ற ஆர்சனிக் சேர்மங்கள் மீதான ஆராய்ச்சி. குடலைப் புரட்டும் நாற்றம், காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும் குணம், மூச்சில் போனால் விஷம். இந்த மூன்றோடும் வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தினார். ஒரு நாள் கண்ணாடிப் பாத்திரம் வெடித்துச் சில்லு பறந்தது. வலது கண் பார்வை போயிற்று. விஷம் ஏறிச் சாவின் விளிம்பு வரை போய் மீண்டார். தேறியதும் விட்ட இடத்திலிருந்து வேலையை முடித்தார். ஆனால் அதற்குப் பிறகு கரிமச் சேர்மங்கள் பக்கமே பெரிதாகத் தலைவைத்துப் படுக்கவில்லை. மீதி வாழ்நாள் முழுக்க வாயு, வெப்பம், ஒளி, மின்சாரம்தான்.

லேபில் கண்ணாடி போடு, கோட் போடு என்று இன்ஸ்ட்ரக்டர் சத்தம் போட்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. ஒற்றைக் கண்ணோடு மேலும் அறுபது வருடம் வாழ்ந்த இந்த மனிதரை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

புகைபோக்கி வழியே போன பணம்

1838-ல் தொடங்கி, ஜெர்மனியில் இரும்பு உருக்கும் ஊதுலைகளை ஆராய்ந்தார். உலை உச்சியிலிருந்து வெளியேறும் வாயுவைப் பிடித்து, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். மரக்கரி போட்டு எரித்த உலைகளில் பாதியளவு வெப்பம் புகைபோக்கி வழியாக வீணாகப் போகிறது என்று தெரிந்தது. 1845-ல் இங்கிலாந்தின் லயன் பிளேஃபேரோடு சேர்ந்து அந்த நாட்டு நிலக்கரி உலைகளைப் பார்த்தார். அங்கே நிலைமை இன்னும் மோசம்: 100-க்கு 80 பங்குக்கு மேல் வீண்! வெளியே போகும் வாயுவில் எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடு நிறைய இருந்தது. அதைப் பிடித்துத் திரும்ப எரிக்கலாமே என்று காட்டினார்கள்.

இது எங்கேயோ ஜெர்மனிக் கதை என்று நினைக்க வேண்டாம். அதே காலத்தில்தான் நம் சேலம் பக்கத்து இரும்புக்கல், ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய ஆலைக்குப் போய் மரக்கரியில் உருகிக்கொண்டிருந்தது. நம் தர்மபுரி அன்றைக்குச் சேலம் ஜில்லாவில் சேர்ந்தது. 1965-ல்தான் தனி மாவட்டம் ஆனது. மரக்கரி வேண்டுமென்றால் காட்டைத்தான் வெட்ட வேண்டும். வாயுவை அளந்து பார்த்து வெப்பத்தை மிச்சம் பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

1841-ல் அவர் செய்த மின்கலம் இன்னொரு உதாரணம். அதுவரை விலை உயர்ந்த பிளாட்டினத் தகடு இருந்த இடத்தில் கார்பனை வைத்தார். வேலை அதேதான், செலவு மட்டும் குறைந்தது. 1846-ல் ஐஸ்லாந்துக்குப் போய், பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்றுக்குள் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, மேலே வரும்போது அழுத்தம் குறைந்து ஒரேயடியாகக் கொதித்துப் பீறிடுகிறது என்று விளக்கினார். பிரஷர் குக்கரைத் திடீரென்று திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

பர்னர் பிறந்த கதை

1852-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். புதிதாக ஆய்வுக்கூடம் கட்டித் தருகிறோம் என்பது அவருக்குக் கொடுத்த வாக்கு. கட்டடம் 1855-ல் தயார். ஊருக்குள் தெருவிளக்குக்காக நிலக்கரி வாயு வந்திருந்த சமயம் அது. ஆய்வுக்கூடத்துக்கும் குழாய் இழுத்தாகிவிட்டது. ஆனால் எரிப்பதற்குச் சரியான அடுப்பு இல்லை. அன்றைக்கு இருந்த வாயு விளக்குகள் வெளிச்சத்துக்காகச் செய்தவை. புகைக்கரி படியும், தீ ஆடும், சூடு போதாது.

அவருடைய மாணவர் ராஸ்கோ இலண்டனிலிருந்து ஒரு மாடல் கொண்டுவந்தார். வாயுவும் காற்றும் ஒரு கூண்டுக்குள் கலந்து, மேலே இருந்த கம்பி வலைக்கு வெளியே எரியும். தீ கீழே இறங்காமல் தடுக்கத்தான் அந்த வலை. 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளிகளுக்காகச் செய்த பாதுகாப்பு விளக்கிலும் இதே தந்திரம்தான்: சின்னச் சின்ன கண்களில் தீ நுழையும்போது உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும், தீ செத்துப்போகும். புன்சனுக்கு அந்த மாடல் பிடிக்கவில்லை. தீ பெரிதாகப் பரவி ஆடியது, சூடும் குறைவு. வலையே இல்லாமல், கலந்த பிறகு எரியவிட்டால் என்ன என்று யோசித்தார்.

யோசனை அவருடையது. உருவம் கொடுத்தவர் யார் தெரியுமா? பல்கலைக்கழக மெக்கானிக் பீட்டர் டெசாகா! அடியில் சிறு துவாரம் வழியாக வாயு வேகமாகப் பீறிடும். அந்த வேகமே பக்கத்து ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். இரண்டும் குழலில் ஏறும்போதே கலந்து, மேலே வாயில் எரியும். விசிறி வேண்டாம், பம்பு வேண்டாம், வலையும் வேண்டாம். துவாரம் எவ்வளவு, ஓட்டை எவ்வளவு, குழல் எவ்வளவு உயரம் என்பதைச் செய்து பார்த்துச் சரிக்கட்டியது டெசாகாவின் கை. 1857-ல் புன்சனும் ராஸ்கோவும் இந்த அமைப்பைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

வாயுவையும் காற்றையும் கலந்து எரிக்கும் முயற்சிகள் ஃபாரடே உட்படச் சிலரிடம் முன்பே இருந்தன. அந்த நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எவன் வேண்டுமானாலும் பற்றவைத்து மறந்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்ற அளவுக்குச் சாதுவான சுடர் ஹைடல்பெர்க்கில்தான் கிடைத்தது. புன்சன் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. கண்டுபிடிப்பைக் காசாக்குவது அவருக்கு ஒத்து வராத விஷயம். டெசாகா செய்து விற்றார், மற்றவர்களும் பார்த்துச் செய்தார்கள். உலகம் முழுக்க மேஜைக்கு மேஜை அது போய்ச் சேர்ந்ததற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

சுடர் ஏன் நிற்கிறது?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கலந்து வைத்த வாயுவில் தீ தானாகவே முன்னேறும். அதற்கு ஒரு வேகம் உண்டு. மீத்தேனும் காற்றும் சரியான அளவில் கலந்தால் வினாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர். ஹைட்ரஜனுக்கு அதிகபட்சம் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர். தீ கீழ்நோக்கி இறங்கப் பார்க்கிறது, வாயு அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. எஸ்கலேட்டரில் எதிர்த்திசையில் நடக்கிறவன் ஒரே இடத்தில் நிற்பது போல இரண்டும் சமமானால் சுடர் நிற்கும்.

வாயு வேகமாக வந்தால்? தீ சாய்ந்துகொள்ளும். அதனால்தான் கூம்பு! நம்ம மேத்ஸை இங்கே போடலாம்: கூம்பின் அரைக்கோணத்தின் சைன் மதிப்பு, தீயின் வேகத்தை வாயுவின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. தீ 40, வாயு 80 என்றால் விடை அரை. கோணம் 30 டிகிரி. வாயுவை 160 ஆக்கினால் கோணம் 14 டிகிரி சொச்சமாகச் சுருங்கி, கூம்பு ஊசி மாதிரி உயரும். கேஸ் வால்வைத் திருப்பும்போதெல்லாம் நாம் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

1860-களின் நடுவில் இந்த வேகத்தைப் புன்சனே அளந்தார். வழி ரொம்ப எளிமை. தகட்டில் ஒரு துவாரம், அதன் வழியே கலவையை விட்டுப் பற்றவைப்பது, பிறகு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. ஒரு கட்டத்தில் சட்டென்று தீ உள்ளே பாயும். அந்த நொடியில் வாயு எந்த வேகத்தில் வந்ததோ அதுதான் தீயின் வேகம். எந்த விபத்தைப் பார்த்து எல்லோரும் பயந்தார்களோ, அதையே அவர் அளவுகோலாக ஆக்கிக்கொண்டார்.

இந்த அளவில் ஒரு குறை இருந்தது. துவாரத்தின் ஓரத்தில் உலோகம் சூட்டைக் குடிக்கிறது. வாயுவும் ஓரத்தில் மெதுவாகத்தான் ஓடும், ஹைட்ராலிக்ஸில் படித்திருக்கிறோம். அதனால் பின்னால் வந்தவர்கள் கூம்பின் பரப்பை வைத்து அளக்கும் முறைக்குப் போனார்கள். ஓரத்துக் கணக்கு 1943-ல்தான் தெளிவாயிற்று. அமெரிக்காவில் பெர்னார்டு லூயிஸ், ஃபான் எல்பே என்ற இருவர், சுவரை ஒட்டி வாயுவின் வேகம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதுதான் தீ உள்ளே பாய்வதையும் பறந்து அணைவதையும் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். குழல் விளிம்புக்கும் தீக்கும் நடுவே மெல்லிய இருட்டு இடைவெளி தெரியும், உற்றுப் பாருங்கள். சுடரின் கால் ஊன்றி நிற்கும் இடம் அதுதான்.

முனையில் நடக்கும் கூத்து

சரி, கூம்பின் உச்சிக்கு வாருங்கள். அங்கே ஒரு சிக்கல். பக்கங்களில் தீ சாய்ந்து தப்பித்துக்கொள்கிறது. உச்சியில் சாய முடியாது. வாயு நேருக்கு நேர் வந்து மோதுகிறது. முன்னே சொன்ன உதாரணத்தில் 40 வேகத் தீ, கிட்டத்தட்ட 80 வேக வாயுவைத் தாங்க வேண்டும். எப்படி முடியும்?

வளைவுதான் காரணம். உச்சியில் தீ ஒரு கிண்ணம் கவிழ்த்தது போல, வரும் வாயுவைச் சுற்றி வளைந்திருக்கிறது. எல்லாப் பக்கத்துச் சூடும் நடுவில் குவிகிறது, லென்ஸ் வெயிலைக் குவிப்பது மாதிரி. வாயு முன்கூட்டியே சூடாகி வேகமாக எரிகிறது. ஆனால் எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடக்கிறது. எரிவதற்கு எது குறைவாக இருக்கிறதோ, எரிபொருளோ ஆக்சிஜனோ, அது விரவிப் போவதில் உச்சி நஷ்டப்படுகிறது. சூடு குவிவது லாபம், சரக்கு சிதறுவது நஷ்டம். எது ஜெயிக்கும் என்பதை இரண்டின் பரவும் வேகங்களின் விகிதம் சொல்லும். அதற்கு லூயிஸ் எண் என்று பெயர். (முன்னே சொன்ன பெர்னார்டு லூயிஸ் வேறு, இந்த எண்ணுக்குப் பெயர் தந்த வாரன் லூயிஸ் வேறு!)

எல்பிஜியில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் ஆக்சிஜனைவிடக் கனமானவை, மெதுவாகப் பரவுபவை. காற்று தாராளமாக இருந்தால் குறைவான சரக்கு எரிபொருள். அது சிதறுவது மெதுவாக நடப்பதால் சூடு ஜெயிக்கும், முனை பளிச்சென்று இருக்கும். காற்று ஓட்டையை நெருக்கி எரிபொருளை அதிகமாக்கினால் குறைவான சரக்கு ஆக்சிஜன். அது சீக்கிரம் சிதறிவிடும். முனை பலவீனமாகி, திறந்துகொள்ளும். தலை வெட்டிய கூம்பு! ஸ்மித்தெல்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1892-லேயே இன்னொரு வேடிக்கையைப் பதிவு செய்தார். எரிபொருள் மிகுந்த சில சுடர்களில் கூம்பு வழவழப்பாக இல்லாமல், பட்டை தீட்டிய கல் மாதிரி முகம் முகமாகப் பிரிந்து நின்றது.

வளைவோடு சேர்ந்தது இழுவிசை. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது பரப்பு விரிந்துகொண்டே போகிறதே, அப்படித் தீயின் தோலும் விரியலாம், சுருங்கலாம். ஒரு வினாடிக்கு எத்தனை மடங்கு விரிகிறது என்பதை அளவாக எடுத்துக்கொண்டார் கார்லோவிட்ஸ், 1953-ல். வளைவு தீயின் வேகத்தை எவ்வளவு மாற்றும் என்பதை 1951-ல் மார்க்ஸ்டைன் கணக்கில் கொண்டுவந்தார். ஓரளவு இழுத்தால் தாங்கும், மிஞ்சினால் மாவு கிழிவது போலத் தீ அணையும். உங்கள் பைக் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் முனையில் பிறக்கும் குட்டித் தீயும் உருண்டையாக விரிகிறது. பிறந்த கணத்தில்தான் அதற்கு வளைவும் இழுப்பும் அதிகம். அந்தக் கண்டத்தைத் தாண்டினால் எரியும், இல்லையென்றால் மிஸ்ஃபயர்.

புன்சன் இதையெல்லாம் கணக்காகப் போடவில்லை. ஆனால் இதைக் கண்ணால் பார்க்கும்படி அசையாத ஒரு சுடரைக் கொடுத்தார். சென்னை ஐஐடியில் எரிதல் ஆராய்ச்சிக்கென்று தேசிய மையமே இருக்கிறது. ராக்கெட், கேஸ் டர்பைன் என்று எவ்வளவு பெரிய தீயை ஆராய்ந்தாலும், பாடம் ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்தக் கூம்பில்தான்.

சுடரில் தெரிந்த சூரியன்

புன்சன் பர்னரின் தீக்கு நிறம் ரொம்பக் குறைவு. அதுவே அவருக்குப் பெரிய வரமாயிற்று. எந்த உப்பைக் காட்டினாலும் அந்த உப்பின் நிறம் மட்டும் தெரியும். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தால் தீ மஞ்சளாகிறதே, அது உப்பில் உள்ள சோடியம். பிளஸ் டூவில் நாம் செய்த சுடர்ச் சோதனையும் இதுதான். நிறங்களைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம் என்றபோது, இயற்பியல் பேராசிரியரான நண்பர் கிர்க்காஃப் பட்டகம் வழியாகப் பார்க்கலாம் என்றார். 1859, 1860-ல் இருவரும் சேர்ந்து நிறமாலைக் கருவியை உண்டாக்கினார்கள்.

அதன்பின் புதையல்தான். டர்க்கைம் ஊரின் கனிம ஊற்று நீரில் தெரியாத நீலக் கோடுகள் தெரிந்தன. சுமார் 40 டன் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்து, சில கிராம் உப்பைப் பிரித்தார்! 1860-ல் சீசியம், 1861-ல் ரூபிடியம். வானத்து நீலம், அடர் சிவப்பு என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து பெயர் வைத்தார்கள்.

அந்த வழி நம் பக்கமும் வந்தது. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் குண்டூரில் நிறமாலைக் கருவியோடு நின்றார். சென்னை வான் ஆய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்றார். அந்தக் காலத்து அவதானிப்புகளில் தெரிந்த புது மஞ்சள் கோடுதான் பிறகு ஹீலியம் என்று பெயர் பெற்றது. 1899-ல் நம் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் தொடங்கியது. 1909-ல் அங்கே எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை நிறமாலைக் கோடுகளின் சாய்விலிருந்து கண்டார்.

கூத்து மேடைக்கு வந்த வெளிச்சம்

கார்ல் அவர் என்ற ஆஸ்திரிய இளைஞர் புன்சனிடம் படித்தவர். நிறமற்ற புன்சன் சுடரில் அரிய உலோகங்களின் ஆக்சைடு ஏற்றிய வலையைத் தொங்கவிட்டால் வெள்ளை வெளிச்சம் கொட்டுவதைக் கண்டார். அதுதான் மேன்டில்! நம் மொரப்பூர், அரூர் பக்கத்துத் தெருக்கூத்துக்கும் கல்யாணத்துக்கும் தலையில் தூக்கிவந்த பெட்ரோமாக்ஸ் லைட்டின் உயிர் அதுதான். சூடாக்க ஒரு நீலச் சுடர், ஒளி வீச ஒரு சாம்பல் வலை.

மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அதைத் தேடிவந்த ஜெர்மானியர் ஒருவர் கன்னியாகுமரி பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1910 வாக்கில் ஆலை போட்டார். ஹைடல்பெர்க் சுடருக்காக நம் கடற்கரை மணல் கப்பல் ஏறிய கதை இது.

எரிந்துபோன தாள்கள்

புன்சன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்கள்தான் பிள்ளைகள். ராஸ்கோ, லோதர் மேயர் என்று பட்டியல் நீளும். கேமர்லிங் ஒன்னஸும் கொஞ்ச காலம் அங்கே படித்தவர். சூடான கண்ணாடியையும் வெறும் விரலால் பிடிப்பாராம், அவ்வளவு தழும்பேறிய கை. கருவிகளைத் தானே ஊதிச் செய்வார்.

1870-களில் ஒரு நாள், அரிய தனிமங்களின் நிறமாலை பற்றி எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் சாம்பல்! பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பாட்டில் லென்ஸ் போல வெயிலைக் குவித்திருக்கிறது. வளைந்த ஒரு பரப்பு வெப்பத்தைக் குவித்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடக் கசப்பாக யாருக்கும் காட்ட முடியாது. கொஞ்ச நாள் துவண்டார். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்து 1875-ல் வெளியிட்டார்.

1889-ல், 78 வயதில் ஓய்வு பெற்றார். பிறகு பாறைகளையும் மலைகளையும் பார்த்துப் பொழுது போக்கினார். 1899 ஆகஸ்ட் 16 அன்று, 88 வயதில், ஹைடல்பெர்க்கிலேயே காலமானார். கொடைக்கானல் ஆய்வகம் தொடங்கிய அதே வருடம்.

நமக்கு என்ன?

ஒர்க்‌ஷாப்பில் கேஸ் வெல்டிங் டார்ச் பட் பட்டென்று வெடித்துத் தீ உள்வாங்கும்போது நம் கையில் இருப்பது விளையாட்டுச் சாமான் அல்ல. நாசில் அடைத்திருக்கலாம், பிரஷர் குறைந்திருக்கலாம், முனை வேலைத்துண்டில் ஒட்டியிருக்கலாம். எதுவானாலும் அர்த்தம் ஒன்றுதான்: வாயுவின் வேகம் தீயின் வேகத்துக்குத் தோற்றுவிட்டது. குழாயில் மாட்டியிருக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டருக்குள் டேவி காலத்துத் தந்திரம்தான் இருக்கிறது: துளைகள் நிறைந்த உலோகம், தீயின் சூட்டைக் குடித்துச் சாகடிப்பது. சும்மா இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

நாளைக்கு ஹைட்ரஜனைக் குழாய் வாயுவில் கலக்கும் வேலை நம் தலைமுறைக்கு வரலாம். அதன் வேகம் மீத்தேனைவிட ஏழு மடங்கு. மீத்தேன் தீ நுழைய முடியாத 2 மில்லிமீட்டர் சந்தில் ஹைட்ரஜன் தீ தாராளமாக நுழைந்துவிடும். அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் அது நிற்கும். பழைய பர்னரில் புது வாயுவை விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆலையில் நிற்கும் டிப்ளமோக்காரர்களாகிய நாம்தான்.

இன்னொன்று. டிப்ளமோ என்றால் இரண்டாம் பட்சம் என்று நம்மில் பலருக்கே ஒரு எண்ணம். உலகத்திலேயே அதிகம் பேர் தொட்ட ஆய்வுக் கருவிகளில் ஒன்றைப் பேராசிரியர் யோசித்தார், மெக்கானிக் செய்தார். பெயர் பேராசிரியருக்குப் போனது. ஆனால் துவாரத்தின் அளவு டெசாகாவின் கையில் இருந்தது. அந்த அளவு தப்பியிருந்தால் சுடர் நின்றிருக்காது.

அடுத்த முறை லேபில் பர்னரைப் பற்றவைக்கும்போது ஒரு நிமிஷம் பொறுங்கள். காற்று ஓட்டையை மெதுவாகத் திருப்புங்கள். கூம்பின் கோணத்தைப் பாருங்கள், விளிம்பில் இருட்டு இடைவெளியைப் பாருங்கள், முனை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததை ரெக்கார்டு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். மார்க் வராவிட்டாலும் பரவாயில்லை!

மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை
மொரப்பூர்